சிலேட்டில் வரைந்த இட்லி

உப்பும் ரப்பரும் கலந்த ருசி... அந்தமான் கடலுக்குள் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கியபோது வாயில் இருந்தது அதுதான். காதில் என் மூச்சுச் சத்தம் மட்டும். உலை கொதிக்கிற மாதிரி.

நண்பர்களே, இதை நானே எழுதுகிறேன். வாயால் சொல்லி வேறு யாரையும் எழுத வைக்கவில்லை. காலையில் ஆரம்பித்தேன். நடுவில் மாட்டைக் கறந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது. வரட்டும்.

கீழப்பழுவூர்ப் பக்கம் நான் கிணற்றில் முங்குகிற ஆள். மோட்டார் குழாயின் அடி வால்வு சேற்றில் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். என் மகள் ஸ்டெல்லா அந்தக் கிணறுகளில்தான் நீச்சல் பழகினாள். இப்போது திருச்சியில் பேங்க் வேலை. லீவு கிடைத்தால் கடலுக்கடியில் போய் போட்டோ எடுப்பாள்.

எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டினால் கல்லாகிப்போன நத்தை கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் இங்கேயே இருந்ததாம்.

"அது நம்மூருக்கு வந்தப்ப நாம இல்லப்பா. இப்ப நாம போயி பாத்துட்டு வந்துடுவோம்" என்றாள் ஸ்டெல்லா.

பெட்டி தூக்கவும் ஆள் வேண்டும். பெரம்பலூர் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "தாராளமா முங்குங்க" என்று சொல்லிவிட்டார். கிளம்பிவிட்டேன்.

சென்னை ஏர்போர்ட்டில்தான் முதல் வம்பு. கையில் எடுத்துப்போகிற பை கனம் அதிகமாம். அதைச் சரக்கோடு போடச் சொன்னார்கள். ஸ்டெல்லாவுக்கு முகமே செத்துவிட்டது. அதில்தான் கேமராவை மூடுகிற கண்ணாடிக் கூடு இருந்தது. எங்கேயாவது இடித்து ஒரு கீறல் விழுந்தால் போட்டோ எல்லாம் போச்சு. பேட்டரியையோ சரக்கில் போடவே கூடாதாம்.

நான் ஓரமாக ஒதுங்கினேன். வேட்டிக்குள்ளே பட்டாபட்டி டிராயர். அதில் ரெண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். பேட்டரி, சார்ஜர், லென்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"சும்மா இரு. பைக்குத்தான எடை போடுறாங்க, எனக்கா போடுறாங்க?"

பை பாஸாகிவிட்டது. சோதனை வாசலில் நான்தான் கீ கீ என்று கத்தினேன். எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் வைக்க வைக்க, அங்கிருந்த தமிழ்க்காரர், "பெரியவரே, உள்ள ஒரு கடையே வச்சிருக்கீங்களே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா மட்டும் என்னைத் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீருக்கடியில் பேச முடியாது. அதற்கென்று ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சிலேட்டு உண்டு. பென்சிலால் எழுதினால் தண்ணீரிலும் அழியாது. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அதனால், எதைக் கண்டாலும் ஸ்டெல்லா படம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. கடலுக்குள் எதைப் பார்க்க ஆசை என்று முந்தின நாள் கேட்டாள்.

"ஆமை. கெணத்து ஆமைய நெறைய பாத்துட்டேன். கடல் ஆமைய பாக்கணும்" என்றேன்.

இறங்கினோம். அந்தமான் தம்பி ஒருவர் பின்னாலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கூட்டமாகப் போயின. திடீரென்று ஸ்டெல்லா சிலேட்டில் அவசரமாக எதையோ வரைந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். இட்லி. இட்லிக்கு நாலு கால்!

பசிக்கிறதா? மேலே போய்ச் சாப்பிடலாம் என்கிறாளா? இட்லிக்கு எதற்குக் கால்? தம்பி என் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். நான் சிலேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருவழியாகப் புரிந்து திரும்பினேன்...

வெறும் நீலம்.

அன்றைக்கு வேறு ஆமை வரவே இல்லை. மறுநாள் எங்களுக்கு ஊர் திரும்புகிற நாள்.

ஸ்டெல்லா எடுத்த போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. நான் சிலேட்டை முறைத்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்குப் பின்னால், முறம் அளவுக்கு ஒரு ஆமை, நிதானமாகப் போகிறது. வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே மட்டும் ஒரு சின்ன வலி.

"ஏம்மா, இத எழுதிக் காட்டணும்னா எத்தன எழுத்து?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டே எழுத்துப்பா."

ரெண்டே எழுத்து! அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே டீச்சரிடம், "எனக்கு ஆமை மட்டும் போதுங்க டீச்சர்" என்றேன்.

"மொதல்ல ஆனா வரட்டும் ஐயா. ஆமை தானா வரும்" என்றார்.

என் வீட்டுக்காரி விடுவாளா? "இத்தன வருஷமா வூட்டுல நான் சொல்லிக் கேக்கல. ஒரு ஆமை சொல்லிக் கேட்டுருக்காரு!"

அது ஆச்சு ரெண்டு வருஷம். இந்த மாசியில் மறுபடி போகிறோம். மாசியில் தண்ணீர் தெளிவாக இருக்குமாம். போன தடவை ஸ்டெல்லா காட்டின பையைத் தூக்கினேன். இப்போது எந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டுவது நான்தான். 'பேட்டரி' என்று எழுத அரைமணி ஆகிறது. ஸ்டெல்லா அவசரப்படுத்துவதில்லை. கனமான சாமானுக்கு அவளே பாக்கெட் வைத்த கோட்டு ஒன்று வாங்கிவிட்டாள். பட்டாபட்டிக்கு ஓய்வு.

இனி அவள் படம் போட வேண்டாம், எழுதினாலே போதும். ஆனால் நேற்று எனக்கு வேறொரு யோசனை வந்தது. இந்தத் தடவை அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டால்? அவள் கேமராவில் கண்ணை வைத்திருப்பாள். நான்தானே எழுதிக் காட்ட வேண்டும்? என் கை வேகம் உங்களுக்குத் தெரியும். நான் எழுதி முடிக்கிற வரை அது நின்றுகொண்டிருக்காது.

அதனால் இன்றைக்கே சிலேட்டை எடுத்து, ரெண்டு எழுத்தையும் பெரிசாக எழுதி, பைக்குள் வைத்துவிட்டேன்.