இரண்டைச் சேர்க்காத கணக்கு

அந்த வருஷம் தீபாவளி சீசன் நெருங்கும்போது எங்கள் வீட்டில் பட்டாசுப் பேச்சே இல்லை. எல்லாம் கணக்குப் பேச்சுதான். அண்ணன் பி.யு.சி.யில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தான். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். அதிலும் போனால் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு அவன் போவதாகப் பேச்சு. அங்கே ஃபோர்மேனாக இருந்த சித்தப்பாதான் எங்களுக்கும் சேர்த்துச் சம்பாதித்தார். அப்பா, நான் தொட்டிலில் கிடந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஆர்டர் குவிஞ்சு கெடக்கு, ஆளு இல்ல. நான் கூடத்தான இருக்கப் போறேன் மதினி" என்பார் சித்தப்பா.

"அவன் பாஸாயிருவான் தம்பி" என்பாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமலே.

நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். பத்து வயதில் வேறென்ன செய்ய முடியும்?

அண்ணனை மார்ச்சில் கவிழ்த்தது ஒரு பின்னக் கணக்கு. மேலே எக்ஸில் ஐந்து போக மிச்சம். கீழே எக்ஸில் இரண்டு போக மிச்சம். மேலதைக் கீழதால் வகுத்தால் பூஜ்யத்துக்கு மேல் போகக் கூடாது. எக்ஸ் எதுவாக இருக்கலாம்? அண்ணன் கீழே இருந்ததை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கிவிட்டு, 'ஐந்தும் அதற்குக் குறைந்த எல்லாமும்' என்று எழுதியிருந்தான்.

ஒரு சாயங்காலம் முற்றத்தில் அதையே போட்டுவிட்டு, "ஏ களுத, ஒரு நம்பர் சொல்லு" என்றான்.

"ஒண்ணு."

மேலே மைனஸ் நாலு, கீழே மைனஸ் ஒன்று. வகுத்தால் நாலு. அவன் முகம் வெளிறிவிட்டது.

"கீழ உள்ளது மைனஸா இருந்தா எல்லாம் பெரண்டு போகுமே. நான் தோதான நம்பராவே போட்டுப் பாத்திருக்கேன். ஒரு பெட்டிய மட்டும் கொளுத்திப் பாத்துட்டு லோடு ஏத்துன கதைதான்."

கரித்துண்டால் தரையில் நீளமாகக் கோடு இழுத்தான். இரண்டிலும் ஐந்திலும் சின்ன வட்டம் போட்டதும் கோடு மூன்று துண்டானது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கேட்டான். ஒன்று ஆகவில்லை. மூன்று சரியாக வந்தது. ஆறும் ஆகவில்லை. ஐந்தைப் போட்டால் பூஜ்யம், அது சேரும். அந்த வட்டத்தைக் கரியால் அடைத்தான். இரண்டின் வட்டத்தை மட்டும் வெறுமனே விட்டான்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கை நிறுத்தினாள். "ரெண்ட ஏன்யா விட்டுட்ட?"

"கீழ பூஜ்யமாயிரும்மா. எம்புட்டுக் கிட்டக்கவும் போகலாம், அங்கன மட்டும் போகக் கூடாது" என்று சிரித்தான்.

"சும்மா போயி, சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்தா?"

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. "பாத்துட்டு வர முடியாதும்மா."

அம்மா எழுந்துபோய்ச் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். விளக்கு நிறைந்துதான் இருந்தது. வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

பரீட்சை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவன் முகம் சரியில்லை. "அதே மாதிரி கணக்குதான் வந்துச்சு. ஆனா ரெண்டுல வட்டத்த அடச்சேனா விட்டேனான்னு ஞாபகம் வரமாட்டேங்குது" என்றான். அதன் பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கம்பெனிப் பொட்டலில் சோதனை வெடி வெடிக்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு வந்து நின்று, "ஏய்யா, ரெண்ட விட்டுட்டேல்ல?" என்பாள். அவனும் "விட்டுட்டேம்மா" என்பான், தெரியாமலே.

அண்ணன் பாஸாகிவிட்டான். செய்தியைக் கொண்டுவந்ததே சித்தப்பாதான். "தப்பிச்சிட்டான் மதினி" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஆள் கிடைக்காத வருத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாவிளக்கு ஏற்றினோம். அந்தத் தாய்தான் காப்பாற்றினாள் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

எதிலிருந்து காப்பாற்றினாள் என்பதுதான் அன்று தெரியவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள், அப்பா போனது காய்ச்சலில் இல்லை என்று. அச்சங்குளத்தில் நாங்கள் இருந்தபோது, அங்கே பட்டாசுக் கம்பெனியில் முந்தின நாள் கலந்த மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகத்தான் அப்பா சொல்லிவிட்டுப் போனாராம்.