வெறும் சொக்கற்றில் எழுதிய நிரல்

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக் கூரையில் ஒரு தண்ணீர்த் தாங்கி உண்டு. தண்ணீர் குறைந்தால் மோட்டரை ஓடவிடவும் நிறைந்தால் நிறுத்தவும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. பெரிய மின்னல் ஒன்றுக்குப் பிறகு அது இரண்டையும் செய்யவில்லை. திறந்து பார்த்தேன். நடுவிலிருந்த சிப் வெடித்திருந்தது. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள். சிப்பை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

அக்குறணையில் இலத்திரனியல் சாமான் விற்பவரை எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்பார்கள். அவர் அதே இலக்கச் சிப்பை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், இது வெறும் சிப். உள்ளுக்கு ஒண்டும் ஈக்காது. புரோகிராம் ஏத்துற மெஷின் ஈக்கா?"

"இல்லை நானா. நீங்கள் விக்கிறீங்களோ?"

"யாரும் கேக்கிறல்ல."

ஆகவே அந்தக் கருவியை நானே செய்தேன். இணையத்தில் வரைபடம் கிடைத்தது. சிப்பைச் செருக ஒரு சொக்கற், சில உதிரிப் பாகங்கள், பழைய கணினியின் பின்புறத்துக்கு ஒரு வயர். மோட்டருக்கான நிரலையும் எழுதிவிட்டேன். சிப்பில் அதை ஏற்ற மட்டும் பதின்மூன்று வோல்ற் அளவில் மின்சாரம் வேண்டும். வீட்டில் அது ஓரிடத்தில்தான் இருந்தது.

என் கணவர் மடுல்கெல்லப் பக்கம் பிறந்தவர். சனிக்கிழமை காலை சந்தைக்குப் போக ஹெல்மெட்டோடு இறங்கியவர் திரும்பி வந்தார்.

"பைக் பெட்டரி எங்க?"

"மேசையில."

"எப்ப தருவீங்க?"

"எழுதி முடிஞ்ச உடன."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சைக் கோடு கடைசிவரை ஓடி, எழுதியாயிற்று என்று காட்டியது. அவருக்குச் சொன்னேன். எழுந்து வந்து கைகொடுத்தார். எங்கள் வீட்டில் கைகொடுக்கும் வழக்கமில்லை. எப்போது விடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார்.

"சோசர்ல கெடக்குறது என்ன?"

"சிப்."

"அப்ப அதுக்குள்ள இருக்கிறது?"

சொக்கற் வெறுமையாக இருந்தது. கால்களை நிமிர்த்த எடுத்த சிப்பை நான் திரும்பச் செருகவில்லை. சிப் இருக்கிறதா என்று கணினி பார்ப்பதில்லை. தன் பாட்டில் அனுப்பிவிட்டு முடிந்தது என்கிறது.

சிப்பைச் செருகி மறுபடியும் எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும்படி கணினிக்குச் சொன்னேன். இப்போது பொருந்தவில்லை என்றது. சிப்பைத் தொட்டேன். விரல் சுட்டது. வரைபடம் மேலிருந்து பார்த்து வரைந்தது. நான் ஈயம் பற்றவைத்தது பலகையின் கீழ்ப்பக்கத்தில். இடது முழுவதும் வலதாகி, மின்சாரம் தவறான கால்களில் ஏறியிருந்தது.

"திருத்தினா வேலை செய்யுமா?" என்றார்.

"மெஷின் செய்யும். சிப் செய்யாது."

அவர் அக்குறணைக்கு பஸ்ஸில் போய்வந்தார். ஒரு சிப் கேட்டதற்குக் கடைக்காரர் இரண்டு தந்திருந்தார்.

"டீச்சருக்கு ஒண்ணு பத்தாதுன்னு சொன்னாரு."

வயர்களைக் கழற்றி மாற்றிப் பற்றவைத்தேன். இந்த முறை எழுதியதும் வாசித்ததும் பொருந்தின. மறுபடியும் ஒப்பிட்டேன். சந்தேகத்தில் அல்ல, அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது.

சிப்பைப் பெட்டியில் பொருத்தினோம். மோட்டர் ஓடியது. முற்றத்தில் நின்று இருவரும் கூரையைப் பார்த்தோம். தாங்கி நிறைந்தது. வழிந்தது. மோட்டர் நிற்கவில்லை. நிறைந்தால் நில் என்பதற்குப் பதிலாக நிறைந்தாலும் ஓடு என்று எழுதியிருந்தேன். அவர் நனைந்தபடி உள்ளே ஓடி சுவிட்சை அணைத்தார்.

ஒரு வரியை மாற்றி, அதே சிப்பில் திரும்ப எழுதினேன். ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. மோட்டர் உரிய இடத்தில் நின்றது.

அடுத்த கிழமை அவர் கேட்டார்.

"விடியக்காலையில ஓடாம பண்ண முடியுமா? தூக்கம் கலையுது."

"ஓம். வெளிச்சத்தைப் பார்த்து ஓடச் செய்யலாம்."

செய்தேன். இப்போது மோட்டர் நன்றாக விடிந்த பிறகுதான் ஓடுகிறது. மழை இருட்டிய நாட்களில் மத்தியானம்வரை வீட்டில் தண்ணீர் வருவதில்லை. அவர் நன்றாகத் தூங்குகிறார்.