கியோட்டோவில் குடியிருந்தோம்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் யார் வெளிநாடு போய்வந்தாலும் நடு மேசையில் ஒரு பொட்டலத்தை வைப்பது வழக்கம். பெரும்பாலும் சாக்லேட்டாக இருக்கும். போன வாரம் ஒசாகா போய்வந்த இளம் நிருபர் தேயிலை வைத்திருந்தார். வெந்நீரில் போட்டதும் தேயிலை வாசத்தை முந்திக்கொண்டு அரிசி வறுபடும் வாசம் எழுந்தது. பொட்டலத்தைப் புரட்டினேன். வறுத்த அரிசி கலந்த பச்சைத் தேயிலையாம். திருத்த வேண்டிய செய்திகள் காத்திருக்க, நான் கோப்பையை மூக்கருகே வைத்துக்கொண்டு ராஜபாளையத்தில், கூடப் படித்த காசிமுடைய அத்தாவின் பொரிகடலைக் கடை மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாடியில்தான் ஜப்பானிய மொழி படித்தேன். இதைச் சொன்னால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு நூற்பாலையும் இருந்தது. ஆலைக்கு ஜப்பானிலிருந்து இயந்திரம் வந்தபோது அதைப் பொருத்த இரண்டு பேர் கூடவே வந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி, துடைத்து, அடுக்கி வைத்ததைத் தாளாளர் பார்த்துவிட்டார். அடுத்த கல்வியாண்டில் பள்ளியில் இரண்டாம் மொழியாக இந்தியோடு ஜப்பானியமும் வந்துவிட்டது. நுழைவாயில் வளைவிலும் பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள். தட்டு கழுவுவதை மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்று பேர் சேர்ந்தோம். பொரிகடலைக் கடை காசிம், வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஜெயந்தி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் நான். மொழி ஆர்வம் என்று எழுதினால் அது பிழைச் செய்தி. மூவரும் இந்திக்குப் பயந்து ஓடிவந்தவர்கள்.

பதினொன்றாம் வகுப்பு ஒழுங்காகப் போயிற்று. பன்னிரண்டு தொடங்கியதும் பாடம் எடுத்த மிஸ் கல்யாணமாகிக் கோவைக்குப் போய்விட்டார். ராஜபாளையத்தில் இன்னொரு ஜப்பானிய ஆசிரியரை எங்கே தேடுவது? போகும்போது மிஸ் ஒரு குறுந்தகட்டையும் ஓர் அறிவுரையையும் விட்டுப்போனார். “புக்குல இருக்கதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாதீங்க. முழு மார்க்கு.”

இது எங்களுக்குப் புதிய அறிவுரை அல்ல. வரலாறு, வேதியியல் எல்லாவற்றையும் நாங்கள் அப்படித்தான் விழுங்கிவந்தோம். பாடநூலில் ‘நான்’ என்றொரு பாடம். தனாகா என்ற பையன் தன்னைப் பற்றிச் சொல்வான். வதாஷி வா கியோட்டோ நி சுந்தே இமாசு. நான் கியோட்டோவில் வசிக்கிறேன். அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார். குளிர்காலத்தில் பனி பெய்யும். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை நாய் உண்டு. இப்படியே இரண்டு பக்கம். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு மூவரும் தலைகீழாக ஒப்பித்தோம்.

காசிமின் கடை மாடியில் தகர டின்கள் போக இருந்த இடத்தில் மாலை வகுப்பு. கீழே மணலில் அரிசி பொரியும் சத்தம். படிக்கட்டு வழியாக ஏறிவரும் சூட்டில் சட்டை நனைந்துவிடும். அந்தப் புழுக்கத்தில் பனியைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். அவன் அப்பா, எங்கள் எல்லோருக்கும் அத்தா, கீழிருந்து குரல் கொடுப்பார்.

“ஏலே காசிமு, அந்தப் பய வீட்ல இன்னுமா பனி பெய்யுது?”

“ஆமாத்தா.”

“கொஞ்சம் இங்கிட்டும் பெய்யச் சொல்லுலே. அடுப்பு முன்னால நிக்க முடியல.”

தட்டில் பொரியும் கடலையும் வரும். எனக்கு வரும் பங்கில் பாதியை ஜெயந்தி எடுத்துவிடுவாள். கேட்டால், “நீ ஓடணும்லா, வயிறு லேசா இருக்கட்டும்” என்பாள்.

ஓடுவது என்பது என் குடும்ப விவகாரம். அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மதுரையில் கல்லூரி சேர்ந்து, பிறகு பத்திரிகைக்குப் போக ஆசை. அப்பா மறுக்கவில்லை. ஒரு நிபந்தனைதான் போட்டார். “ப்ளஸ் டூ ஒரே தடவையில தேறணும். தேறலைன்னா ஆள்சேர்ப்புக்கு ஓட வேண்டியதுதான். பொறவு பேச்சு கிடையாது.” நான் பஸ்ஸுக்கு ஓடினாலே நடத்துநர் இரக்கப்பட்டு விசில் அடிப்பார். எழுத்துத் தேர்வைப் பற்றிக் கவலையில்லை. வாய்மொழித் தேர்வில் தனியாகத் தேற வேண்டும், தவறினால் பன்னிரண்டாம் வகுப்பே போச்சு என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

மார்கழியில் ஒரு காலை, வாய்மொழித் தேர்வு நடத்த ஒரு ஜப்பானிய அம்மா காரில் வந்து இறங்கினார். தாளாளர் பதற்றத்தில் வீட்டுத் தெலுங்கில் “ரண்டம்மா, ரண்டி” என்று வரவேற்றார். அந்த அம்மா இடுப்பு வரை குனிந்தார். பதிலுக்குத் தாளாளரும் குனிய, கையிலிருந்த பொன்னாடை தரையைப் பெருக்கியது. கூடவே ஒரு பெரிய பால்கோவா டப்பா.

முதலில் நான் போனேன். எங்கே வசிக்கிறாய் என்று கேட்டார். கியோட்டோ என்றேன். அவர் புருவம் லேசாக உயர்ந்தது. குளிர்காலம், பனி, நாய் என்று தடங்கலின்றி முடித்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்து காசிம். அவனும் சிரித்துக்கொண்டே வந்தான். ஜெயந்தி உள்ளே போனாள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“ஒன்ட்ட என்னலே கேட்டாக?” என்றான் காசிம்.

“எங்க இருக்கேன்னு கேட்டாக. கியோட்டோன்னேன்.”

“நானும் அதாம்லே சொன்னேன்.”

“எங்கப்பா பேங்க்னேன்.”

“எங்கத்தாவும் பேங்குதான்.” காசிமின் முகம் மாறியது. “ஏலே, நாயும் ஒண்ணுதானே?”

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெயந்தியின் கணீரென்ற குரல் தொடங்கியது. “வதாஷி வா கியோட்டோ நி…”

“செத்தோம்” என்றான் காசிம்.

கதவு திறந்தது. அந்த அம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். பேனாவை மூடி வைத்திருந்தார். மதிப்பெண் தாளில் மூன்று கட்டங்களும் காலியாக இருந்தன. எனக்கு அந்தக் கட்டங்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மனசுக்குள் ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. எழுந்துபோய் மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தார். அடைமழை ஓய்ந்து மலை கிட்டத்தில் தெரிந்தது. கையை நீட்டி, “அரே வா நான் தெசு கா?” என்றார். அது என்ன? முதல் பாடத்து வாக்கியம். மூவருக்கும் தெரியும். ஆனால் பாடநூலில் அதற்குப் பதில் பேனா, இல்லாவிட்டால் மேசை.

ஜெயந்திதான் வாயைத் திறந்தாள். “யாமா.” மலை.

அங்கே பனி பெய்யுமா என்று கேட்டார். இல்லை, தண்ணீர் விழும் என்றாள் ஜெயந்தி. அங்கே கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போவோம், சோறு கொண்டுபோவோம். சொற்களைக் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தாள். குரங்குகள் சோற்றைப் பறித்துக்கொள்ளும் என்று சொல்ல வந்தபோது குரங்குக்குச் சொல் கிடைக்கவில்லை. மேசையில் இருந்த பால்கோவா டப்பாவை வெடுக்கென்று பிடுங்கி, மூலைக்கு ஓடிக் குந்தி, பல்லைக் காட்டினாள்.

அந்த அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். பிறகு குரங்குக்கான சொல்லைச் சொல்லித்தந்தார். அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. நான் பாறையில் வழுக்கி விழுந்ததைச் சொல்லி, சான்றாக முழங்கால் தழும்பைக் காட்டினேன். அத்தா அருவியில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவதைக் காசிம் சொன்னான். அந்த அத்தா வங்கியில் இல்லை, பொரிகடலைக் கடைக்காரர் என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டான். அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.

மூவரும் தேறினோம். ஜெயந்திக்கு நல்ல மதிப்பெண், காசிமுக்குச் சுமார், எனக்கு எல்லைக்கோட்டை ஒட்டி. அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தேறிட்ட. சரி, மதுரைக்குப் போ” என்றார். “ராணுவமும் பொழைச்சுது” என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மறு ஆண்டு ஜப்பானியத்தில் சேர ஆள் இல்லை. வளைவில் அந்த வரிக்கு மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். பொரிகடலைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, முழுக்கக் கண்ணாடி. அரிசி வறுக்கும் வாசம் அந்தத் தெருவிலேயே இல்லை.

தேநீர் குடித்த அன்று வேலை முடிந்ததும் இருவரையும் தொலைபேசியில் ஒன்றாகப் பிடித்தேன். காசிம் திருப்பூரில் இருக்கிறான். ஜெயந்தி சேலத்தில், நிஜமாகவே வங்கியில். காசிம் “வதாஷி வா” என்று எடுத்துக்கொடுத்தான். மூவரும் சேர்ந்து ஒப்பித்தோம். கியோட்டோ, வங்கி, பனி, வெள்ளை நாய். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஜெயந்தியின் மகள் பக்கத்திலிருந்து, “யாரும்மா அது, சண்டையா?” என்று கேட்டாள்.

“சரி, யாமாவுக்குப் பொறவு என்ன சொன்னே?” என்றேன்.

“தண்ணி விழும்னேன். குளிப்போம்னேன்.”

“அது தெரியும். ஜப்பான் பாஷைல எப்படிச் சொன்னே?”

அவள் “யாமா” என்று தொடங்கி நின்றாள். காசிமும் “யாமா” என்றுதான் சொன்னான். குரங்குக்கு என்ன சொல் என்பதுகூட ஒருவருக்கும் வரவில்லை. அகராதியைப் பார்த்தால் குரங்கு கிடைத்துவிடும். எங்கள் மலையைப் பற்றி நாங்களாகச் சேர்த்துச் சொன்ன வாக்கியங்களை எங்கே போய்த் தேடுவது?