தள்ளுக்கை

ஜைரோ என்கிற குட்டிப் பறக்கும் வண்டியின் தலைக்கு மேல் சுற்றும் இறக்கைகளை ஈரத்துணியால் துடைப்பது எப்போதும் நொலீனின் வேலை. கொட்டகை வாசலில் குட்டை ஏணியைப் போட்டு ஏறி, முன்விளிம்பில் காய்ந்து ஒட்டிய வெட்டுக்கிளிகளையும் ஈக்களையும் சோப்பு நீரில் ஊறவைத்து எடுப்பாள். சுரண்ட மாட்டாள். துடைத்து முடித்ததும் கண்ணை நம்பாமல் விளிம்போடு நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். நகம் எங்காவது தடுக்கினால் அன்றைக்கு அந்த வண்டி தரையை விட்டு எழும்பாது.

அன்று எங்கும் தடுக்கவில்லை. வண்டியில் குறை இல்லை. குறையெல்லாம் நிழலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் டெஸ்ஸிடம்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"இன்னைக்காவது பாஸ் போடுவீங்களா, டீச்சரம்மா?"

"கை ஒழுங்கா இருந்தா போடுவேன்."

"என் கைக்கு என்ன கேடு? முப்பது வருஷம் ஏரோப்ளேன் ஓட்டின கை."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

நொலீன் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில், நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்க் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். லாரிக்காரர்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வயதில், பண்ணைகளில் சிதறி மேயும் மாடுகளை மேலே பறந்து விரட்டித் திரட்டும் ஒருவர் அவளைத் தன் ஜைரோவில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போனார். கீழே இறங்கியவளுக்கு அதன்பின் அடுப்படியில் கால் தரிக்கவில்லை. முதலில் மாடு திரட்டக் கற்றாள், பிறகு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் உரிமமும் வாங்கினாள். கற்க வரும் ஆண்கள் கொட்டகையை எட்டிப் பார்த்து, "பைலட் எங்கே?" என்று அவளையே கேட்பார்கள். "ஏறி உட்காருங்க, வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டுவாள்.

டெஸ் தெற்கே பருத்திக் காடுகளுக்கு விமானத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். அவள் வண்டிக்கு அவன் வைத்த பேர் பறக்கும் புல்வெட்டி. மருந்தடிக்கும் கம்பெனி கடையை மூடியதும் வீட்டோடு வந்து சேர்ந்தான். அதே சமயம், அவளோடு இரண்டாவது ஜைரோவை ஓட்டிக்கொண்டிருந்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். அடுத்த வாரம் ஹாமிஷின் பண்ணையில் மாடு திரட்ட வேண்டும். அவர் அன்று காலை ஃபோனில் மரியாதையாகத்தான் சொன்னார்: "ரெண்டு வண்டின்னா வாங்க நொலீன். ஒண்ணுதான்னா ஹெலிகாப்டர்காரனைக் கூப்பிட்டுக்கறேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க." ஹெலிகாப்டர் ஒரு பண்ணைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் பிறகு ஜைரோவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே டெஸ் தனியாகப் பறக்க வேண்டும். அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். நடுவில் நின்றது அவள் 'தள்ளுக்கை' என்று பேர் வைத்திருந்த சங்கதி.

விமானத்தின் மூக்கு மேலே எழும்பி வேகம் குறைந்தால், ஓட்டுபவர் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக்கை முன்னால் தள்ளுவார். மூக்கு இறங்கும், வேகம் வரும், உயிர் பிழைக்கும். வருடக்கணக்கில் அப்படித் தள்ளிய கை யோசிப்பதில்லை. ஜைரோவில் கதை வேறு. பறக்கும்போது தலைக்கு மேல் சுற்றும் இறக்கைகளை இன்ஜின் சுழற்றுவதில்லை. வண்டியின் பாரம் கீழே தொங்க, அடியிலிருந்து காற்று ஏறிப் போவதால்தான் அவை சுற்றுகின்றன. ஸ்டிக்கை வெடுக்கென்று முன்னால் தள்ளினால் பாரம் விட்டுப்போகும். சுற்று குறையும். துவண்ட இறக்கை பின்னால் இருக்கும் வாலையே வெட்டும். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு விமான விழாவில், பழைய விமானக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனதை நொலீன் வேலி ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அதை அவள் டெஸ்ஸிடம் சொன்னபோது, "பாவம், அனுபவம் போதாது" என்றான்.

டெஸ் முன்னால் உட்கார, அவள் பின்னால் உட்கார்ந்தாள். கிளம்பும்போது ஒரு தப்பும் இல்லை. இறக்கைகள் போதுமான வேகத்தில் சுற்றும்வரை பொறுமையாகக் காத்திருந்துதான் வண்டியை ஓடவிட்டான். திருப்பங்கள் அழகாக வந்தன. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வறண்ட ஓடையைத் தாண்டும்போது சூடான காற்று ஒன்று அடியிலிருந்து மோதி மூக்கைத் தூக்கியது.

கை முன்னால் போனது.

நொலீனுக்கு இருக்கை இடுப்பை விட்டு நழுவியது. தலைக்கு மேல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று மெலிந்தது. தயாராக வைத்திருந்த கையால் தன் பக்கத்து ஸ்டிக்கை மறித்து, இன்ஜினைக் குறைத்து, மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். பாரம் மறுபடி இறங்கியது. சத்தம் திரும்பி வந்தது.

"விடு, நான் இறக்கறேன்" என்றாள். அவன் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தான்.

அடுப்படியில் டெஸ் டீ போட்டான். உப்பிட்ட மாட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கி, அவளுக்குப் பிடிக்கிற மாதிரி ரொட்டியின் ஓரத்தை வெட்டியெடுத்து, தட்டை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்தான்.

"காத்து தூக்கி அடிச்சுது. யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும்."

"காத்து தூக்குச்சு, சரி. தள்ளினது யாரு?"

"மூக்கு எழும்பினா பவரைக் குறை, ஸ்டிக்கைத் தள்ளாதே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"வாய் நல்லா சொல்லுது. உன் வாய்க்கு வேணும்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அந்தக் கசாப்புக்கடைப் பையனுக்கு ஆறே வாரத்துல போட்டியே."

"அவன் கைக்கு ஆட்டை வெட்டத்தான் தெரியும். மறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல அதுக்கு."

"அப்ப என் கையை அவன்கிட்டயே கொடுத்து வெட்டிக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்பதால் டீயைக் குடித்தாள்.

"இங்க பாரு டெஸ். தள்ளவே கூடாதுன்னு நான் கேக்கல. அது தள்ளத்தான் செய்யும். தள்ளுச்சுன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான். தெரிஞ்சவன் அடுத்த தடவை கையைப் பிடிச்சு நிறுத்துவான். காத்துன்னு சொல்றவன் கடைசி வரைக்கும் காத்துன்னுதான் சொல்லிட்டிருப்பான். தெரிஞ்சா ஹாமிஷ்கிட்ட பத்து நாள் தள்ளிக் கேப்பேன். காலையும் மாலையும் உன்னோட ஏறறேன்."

"அவர் தள்ளிப் போடுவாரா?"

"கெஞ்சிக் கேக்கறேன். அது என் பாடு."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? பெண்டாட்டியே ஃபெயிலாக்கிட்டான்னு."

"பெண்டாட்டி புதைச்சான்னு சொல்றதைவிட அது தேவலை."

டெஸ் மேசைமேல் சிந்தியிருந்த ரொட்டித் தூளை விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்தான். வெளியே காக்கட்டூக் கிளிக் கூட்டம் தண்ணீர்த் தொட்டிமேல் கத்திக்கொண்டிருந்தது. அவள் ஃபோனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை. கை தள்ளுச்சா, இல்லையா?"

அவன் எழுந்தான். கோப்பையைப் பாத்திரத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்து கழுவினான், துடைத்துக் கவிழ்த்தான். ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வலைக்கதவைத் தள்ளி வெளியே போனான். ஒரு வண்டிதான் என்று சொல்ல நொலீன் ஹாமிஷின் எண்ணைத் தட்டினாள்.