நாக்கில் வேல் குத்தியவனின் படம்

சிவேந்திரனுக்குப் பிரிக்பீல்ட்ஸில் வேலை. இணையத்தில் ஏறும் படங்களைப் பார்த்து, எது ஆபத்து, எது இல்லை என்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோவிலில் யாராவது கேட்டால் "ஏஐ லைன்ல இருக்கேன்" என்பான். ஏஐயே அவனைக் கேட்டுத்தான் மூச்சு விடுகிறது என்று ஒரு தோரணை.

நல்ல நிறுவனம்தான். ஏழை நாட்டு உழைப்பைச் சுரண்டமாட்டோம் என்று சுவரிலேயே எழுதிவைத்திருந்தது. நேரத்துக்குச் சம்பளம், நேரத்துக்கு நுரை பொங்கத் தே தாரிக் டீ, மனம் கலங்கினால் ஆலோசகர். விதிகளை மட்டும் கடலுக்கு அப்பால் யாரோ எழுதினார்கள். உடம்பில் இரும்பு குத்தியிருந்தால் 'தற்காயம்' என்று குறிக்க வேண்டும். தைப்பூசம் முடிந்ததும் அலகுக் காவடிப் படங்கள் வரிசைகட்டி வந்தன.

"நான் குறிக்க மாட்டேன் லா. என் சாமிய நானே காட்டிக்கொடுப்பேனா?" என்று பக்கத்து மேசை மாதவியிடம் மார்தட்டினான்.

"விதிப்படி குறிக்காம ஸ்கோர் கொறைஞ்சா வேலைய நிரந்தரமாக்க மாட்டாங்க, தெரியும்ல?"

"போனா போகட்டும்!"

சொல்லிவிட்டானே தவிர, வேலை போனால் கிள்ளானில் இருக்கும் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

மாலையில் அடுத்த படம் வந்தது. நாக்கில் வேல், தோளில் காவடி, அந்த நிலையிலும் கேமராவைத் தேடும் ஓரக்கண். பத்துமலைப் படியில் நின்றது சாட்சாத் சிவேந்திரனேதான். போன வருஷப் பூசத்தில் எடுத்து, நாலு பேர் பார்க்கட்டுமென்று அவனே பேஸ்புக்கில் ஏற்றியது.

மாதவி பார்க்கிறாளா என்று திரும்பினான். அவள் பார்க்கவில்லை. வீராதிவீரன் 'தற்காயம்' என்பதை அமுக்கினான். அதன் பிறகு வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

மறுநாளே ஆலோசகர் ஜெயமாலாவின் அறைக்கு வரச் சொன்னார்கள். கொடூரமான படம் பார்த்த ஊழியரை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது நிறுவனத்தின் கொள்கை. ஜெயமாலாவுக்குப் படத்தைப் பார்க்க அனுமதி இல்லை; தற்காயம் என்ற ஒரு சொல்லைத்தான் அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. படத்துல இருந்தவர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ரொம்ப வேண்டியவரா?"

"வேண்டியவன்தான். நேத்துலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல."

"பாவம். எதுக்காகத் தன்னையே இப்படிக் காயப்படுத்திக்கிட்டாராம்?"

சிவேந்திரன் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"இந்த வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டான், மேடம்."