பென்சில் தட்டுப் புத்தகங்கள்

அந்த பீரோவைத் திறந்ததும் முதலில் பாச்சை உருண்டையின் நெடி வரும், அதற்குப் பின்னால் சீவிய பென்சிலின் மர வாசனை வரும். கோர்படியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பின்னறையில் இருந்த இரண்டு இரும்பு பீரோக்கள்தான் அன்றைக்குப் பூனாவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் நூலகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறப்பார்கள். கசார்வாடியிலிருந்து லோக்கல் பிடித்து, ஸ்டேஷனில் இறங்கி, பஸ் மாறி நாங்கள் குடும்பத்தோடு போய்ச் சேர்வதற்குள் என் தம்பி முரளிக்கு வழியில் ஒரு வடாபாவாவது வாங்கிக் கொடுத்தாக வேண்டும்.

அப்பா கசார்வாடிப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டினார். கோயம்புத்தூரிலிருந்து வேலை மாறி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பைத் தமிழில் முடித்திருந்தேன், முரளி அம்மாவின் இடுப்பில் இருந்தான். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசம்தான் காரணம். எனக்கு எழுத்து ஊரிலிருந்தே கூட வந்துவிட்டது. அவனுக்குப் பள்ளியில் மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ். தெருவில் கூட்டாளியைக் கூப்பிட "சல் ரே", காய்கறிக்கு "பாஜி", லீவுக்கு "சுட்டி". வீட்டுக்குள் மட்டும் தமிழ். அதுவும் கைநழுவிப் போய்விடும் என்று அம்மா பயந்தாள். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் "இவனுக்கு நம்ம பேச்சு வருதா?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப் போகும்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே டியூஷன் போய் ஹிந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள். அந்தப் படிப்பை வைத்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த குழந்தைக் கதைப் புத்தகத்தில், ஒவ்வொரு தமிழ் வரிக்கும் மேலே இருந்த இடைவெளியில், அதே வரியை ஹிந்தி எழுத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதினாள். மொழிபெயர்ப்பு இல்லை, வார்த்தைகள் தமிழேதான், எழுத்து மட்டும் முரளி பள்ளியில் படித்த எழுத்து. அடுப்பில் பருப்பு வேகும்போது, தண்ணீர் பிடிக்கக் காத்திருக்கும்போது, அப்பாவின் டிபன் டப்பாவைக் கட்டிவிட்டு உட்காரும்போது என்று கிடைத்த நேரத்தில் எல்லாம் எழுதினாள். "எழுத்து எங்கயும் ஓடிப் போயிராது கண்ணு, அப்பறம் கத்துக்கலாம். மொதல்ல கதை புடிக்கட்டும்" என்று என்னிடம் சொல்வாள்.

அது பலித்துத் தொலைத்தது. முரளி கடகடவென்று படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று ஒரு நரிக்கதையை மூச்சுவிடாமல் படித்துக் காட்டியபோது, ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவரும், புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று பீரோ கதவில் அட்டை மாட்டியிருந்தவருமான செயலாளர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பாவோ, "பையன் பேப்பர் படிக்கறாப்பல படிக்கறான் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தார். பிறகு மற்ற அம்மாக்களும் எழுத ஆரம்பித்தார்கள். செயலாளரே மிருதுவான பென்சில்கள் வாங்கி வைத்தார், கீழ்த்தட்டை அந்தப் புத்தகங்களுக்கென்றே ஒதுக்கினார். அதற்குப் "பென்சில் தட்டு" என்று பெயர் வந்துவிட்டது. அந்தத் தட்டு வாரா வாரம் காலியானது, மேல்தட்டுப் புத்தகங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. பிள்ளைகளின் கண் கீழ் வரிக்கு இறங்குவதே இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அத்தனை கைதட்டலுக்கு நடுவே யார் சொல்லப் போகிறார்கள்?

முரளி ஏழாவது வந்தபோது குழந்தைக் கதைகள் தீர்ந்துவிட்டன. பெரிய புத்தகங்களுக்கு மேலே எழுதி மாளாது. அம்மா ஒரு நாள் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவனுக்கு மனப்பாடமே ஆகியிருந்த அந்த நரிக்கதையை விட்டுவிட்டு, அடுத்த கதையின் முதல் பக்கத்தைத் தேய்த்து அழித்தாள். சாணித்தாள் நைந்து, சாம்பல் கறையாகிப் போனது. "இப்பப் படி கண்ணு" என்றாள். முரளி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துவிட்டது. "அப்ப எதுக்கும்மா மொதல்ல எழுதுன?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இருக்கிறது என்றான், அதற்குப் பிறகு அவன் அங்கே வரவே இல்லை. அம்மா இன்னும் சில பக்கங்களை அழித்துப் பார்த்துவிட்டு ரப்பரை உள்ளே வைத்துவிட்டாள். அவளை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

அந்தச் சங்கக் கட்டடம் இப்போது ஏ.சி. போட்ட கல்யாண மண்டபம். பீரோக்கள் எங்கே போயின என்று கேட்டதற்கு, இங்கே புத்தகமெல்லாம் இருந்ததா என்று வாட்ச்மேன் என்னைத் திருப்பிக் கேட்டார். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஐ.டி. பெண் ஒருத்தி, தன் மகனுக்குப் போனில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் கதைகள் கொடுக்கிறாள். எங்கள் கதையை அவளிடம் முழுதாகச் சொன்னேன். "லிபி தானே, அப்புறம் பிக்கப் பண்ணிப்பான் ஆன்ட்டி" என்றாள்.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அப்பா சிஞ்ச்வட்டில் முரளியோடு இருக்கிறார். தொண்டையில் புற்று வந்து, அறுவை சிகிச்சையில் அவருடைய குரல் போய்விட்டது. அவருக்கு ஹிந்தி பட்டறைப் பேச்சோடு சரி, எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். சைகைக்கு அடங்காததைச் சிலேட்டில் எழுதுகிறார். முரளி அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறான், நான் படித்துச் சொல்கிறேன். அந்தக் கை நடுக்கத்தை எந்தப் போன் ஆப்பாலும் படிக்க முடியவில்லை. நான் பள்ளி ஆசிரியை. வகுப்பு நேரத்தில் போனை அணைத்து வைத்துவிட வேண்டும்.

போன வாரம் வகுப்பு முடிந்து போனைத் திறந்தபோது முரளி காலையில் அனுப்பிய போட்டோ வந்து கிடந்தது. "உங்கம்மா நெனப்பாவே இருக்குது. சித்த நேரம் உக்காந்துட்டுப் போ" என்று அப்பா எழுதியிருந்தார்.

உடனே முரளியைக் கூப்பிட்டேன். அவன் ஆபீசில் இருந்தான். படித்துக் காட்டினேன்.

"நேத்தும் இதேதான் எழுதினார்க்கா. பார்க்க இதே மாதிரிதான் இருந்துச்சு. உனக்குத் தொந்தரவு வேணாம்னு அனுப்பலை" என்றான். "தண்ணி கேக்கறார்னு நெனச்சுத் தண்ணி குடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."