எழுபது வளைவுக்கு ஒரு மாத்திரை

கீறிய எலுமிச்சைத் தோல் மணத்ததும், சின்ன வயதில் நான் வாந்தி எடுத்த பஸ்களெல்லாம் நினைவில் வரிசைகட்டுகின்றன. மலைமேல் இருக்கும் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கும் அக்காதான் பழத்தை மோந்துகொண்டிருக்கிறார். டெல்லியில் அவர் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். முந்தாநாள் கிளம்பியவர், மலைப்பாதையின் எழுபது வளைவில் பாதியிலேயே தலைசுற்றித் திரும்பிவிட்டாராம். தலைசுற்றலுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். அதை மலைக்குப் போடுவதா, விமானத்துக்கா?

"ஏனுங்க, மெட்ராஸ்ல ஏறுனா டெல்லிக்கு எவ்வளவு நேரமுங்க?"

"ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல. ஆனா மூணு மணி நேரங்கூட ஆகாதுங்க."

"வளைவு?"

"இங்க மாதிரி இல்லீங்க."

அங்கேயே மாத்திரையை விழுங்கிவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறுகிறார்.

"மலைய எறங்கிட்டா டெல்லி வந்தாப்புலதானுங்க. வாரேன்."